எழுதப்படாத காரணங்கள்: புதிய ஃபிரண்ட் எண்ட் வேலையில் கால் ஊன்றுவது பற்றி

ஐபோனின் சஃபாரி உலாவிக்கு ஒரு பழக்கம் உண்டு. படிவத்தில் தட்டச்சு செய்யும் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், பயனர் அதைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். படிவத்தின் ஒரு பகுதி திரைக்கு வெளியே போய்விடும். இந்தத் தொல்லையை ஒருமுறை பட்டறிந்த நிரலாளர், பெட்டிகளின் எழுத்தளவை 16 என்று வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வடிவமைப்பாளரின் ஃபிக்மா வரைவில் மட்டும் 14 என்றே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அணிக்குப் புதிதாக வருபவர் இந்த முரணைக் கண்டு, வரைவில் உள்ளபடி 14 என்று திருத்துகிறார். அவருடைய மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. ரிவ்யூ செய்பவரும் வரைவோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் தருகிறார். பிறகு ஐபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களின் புகார்கள் வரத் தொடங்குகின்றன.

இப்படித் திருத்துபவருக்கு சிஎஸ்எஸ் தெரியும், ரியாக்ட் தெரியும். நேர்முகத் தேர்வில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் வேலைக்கு வந்திருப்பார். அந்த 16 ஏன் 16 என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அது நிரலில் இல்லை, ஆவணத்தில் இல்லை, ஃபிக்மாவிலும் இல்லை. முன்பு அதை எழுதியவரின் நினைவில் இருந்தது. அவர் இப்போது வேறு அணியில் இருக்கலாம், வேறு நிறுவனத்திலும் இருக்கலாம்.

புதிய வேலையில் கால் ஊன்றுவது எப்படி என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் தனி ஆளைப் பார்த்துச் சொல்லப்படுபவை. இன்னொரு ஃபிரேம்வொர்க் படி, தன்னம்பிக்கை கொள், கூச்சப்படாமல் கேள் என்பார்கள். இவற்றில் பிழை இல்லை. ஆனால் மென்பொருள் ஆய்வுகளையும், தொழில் கற்றலைப் பற்றிய மானிடவியல் ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. புதியவர் கற்க வேண்டியவற்றுள் கடினமானவை காரணங்கள். அவை ஆட்களிடம் இருக்கின்றன. அந்த ஆட்களும் அவர்கள் செய்யும் வேலையும் புதியவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி அணி அமைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவர் கால் ஊன்றுவதும் தடுமாறுவதும் நடக்கின்றன.

நௌர் சொன்ன இரண்டு குழுக்கள்

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர், 2005ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றவர். நிரல் எழுதுவதைக் கோட்பாடு கட்டும் செயலாகக் காட்டும் அவருடைய கட்டுரை 1985இல் வெளிவந்தது. நிரல் எழுதும்போது விளையும் முதன்மைப் பொருள் கோப்புகள் அல்ல என்றார் நௌர். உலகில் நடக்கும் ஒரு காரியத்தை இந்த நிரல் எப்படிக் கையாள்கிறது, ஏன் இப்படிக் கையாள்கிறது என்பது பற்றி நிரலாளரின் மனத்தில் உருவாகும் புரிதலே அந்தப் பொருள். கோப்புகள் அதன் ஒரு பகுதியை மட்டுமே தாங்கி நிற்கின்றன.

இதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டு இன்றும் பொருந்துகிறது. ஒரு குழு ஒரு கணினி மொழிக்கான கம்பைலரை நன்றாக எழுதி முடித்தது. அதைச் சற்று விரிவாக்கும் வேலை இன்னொரு குழுவுக்குப் போனது. முழு ஆவணங்களும் விளக்கக் குறிப்புகளுடன் கூடிய நிரலும் கைமாறின. முதல் குழுவினர் ஆலோசனையும் தந்தார்கள். அப்படியிருந்தும் இரண்டாம் குழு முன்வைத்த மாற்றங்கள் பல, அந்த நிரலின் அமைப்பிலேயே இருந்த வசதிகளைப் பயன்படுத்தாமல் மேலே ஒட்டுப் போடுபவையாக இருந்தன. முதல் குழுவினர் அதை உடனே கண்டுகொண்டு, அமைப்புக்குள்ளேயே அடங்கும் எளிய வழிகளைக் காட்டினார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய துணை இல்லாமல் வேறு சிலர் அதை வளர்த்தபோது, பழைய கட்டமைப்பு அடையாளம் தெரிந்தாலும் பயனற்றுப் போயிருந்தது. இரண்டாம் குழுவினர் திறமையற்றவர்கள் என்று நௌர் சொல்லவில்லை. அவர்களிடம் உரை இருந்தது. உரையைப் பிறப்பித்த புரிதல் இல்லை.

அந்தப் புரிதலைத் தேடித்தான் நிரலாளர்களின் நாளில் பெரும்பகுதி கழிகிறது. ஷின் ஷியா, டேவிட் லோ முதலியோர் ஏழு திட்டங்களில் வேலை செய்த 78 தொழில்முறை நிரலாளர்களை 3,148 வேலை மணி நேரம் அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 58 சதவீத நேரம் இருக்கும் நிரலைப் புரிந்துகொள்வதிலேயே போயிருந்தது. வேலையில் பழகியவர்களின் கணக்கே இது. புதிதாக வந்தவர் ஒரு நாள் முழுக்க ஒரு வரியும் எழுதாமல் கோப்பு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால், அவர் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

காரணங்கள் எங்கிருந்து வருகின்றன

நௌர் சொன்னது எல்லா நிரலுக்கும் பொருந்தும். ஃபிரண்ட் எண்டில் அது கூடுதலாக உறைக்கிறது. பின்னணியில் ஓடும் நிரல் பெரும்பாலும் நிறுவனமே தேர்ந்தெடுத்த கணினியில், அதுவே தேர்ந்தெடுத்த சூழலில் ஓடும். ஃபிரண்ட் எண்ட் நிரலோ முன்பின் தெரியாதவர்களின் கைபேசியில், அவர்களுடைய உலாவியில், அவர்களுடைய மொழியில், அவர்களுடைய கண்பார்வைக்கு ஏற்ப ஓட வேண்டும். ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கான விடை பல வேளைகளில் நிறுவனத்துக்கு வெளியே கிடக்கிறது.

சஃபாரியின் 16 பிக்சல் உலாவியிலிருந்து வந்த காரணம். மனித உடலிலிருந்து வருபவையும் உண்டு. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறத்தில் எழுத்து இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டு விகிதம் 4.5க்கு 1 என்ற எல்லையை மயிரிழையில் தாண்டும். வழக்கமான அளவு எழுத்துகளுக்கு 2008இல் வெளியான அணுகல் தர நெறிமுறை கேட்கும் குறைந்தபட்ச விகிதம் அது. சாம்பலை இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்தால் அழகாக இருக்குமே என்று மாற்றுபவர், பார்வை மங்கியவர்களை அறியாமலே வெளியே நிறுத்துகிறார்.

மொழியிலிருந்து வரும் காரணங்கள் தமிழருக்கு உடனே விளங்கும். ‘தமிழ்நாடு’ என்பதில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டிடம் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஒன்பது என்று சொல்லும். யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதே காரணம். பெயர் எழுதும் பெட்டிக்கு 20 எழுத்து வரம்பு வைத்தவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால், தமிழில் பெயர் எழுதுபவருக்குப் பாதியில் இடம் தீர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய முன்பு யாரோ எழுதிய நீளமான எண்ணும் செயற்கூறு, காரணம் அறியாதவருக்குத் தேவையில்லாத சுற்றுவழியாகத் தோன்றும். ஒரே வரியில் முடிவதை ஏன் இருபது வரியில் எழுதினார்கள் என்று நினைத்து அவர் அதைச் சுருக்கிவிடுவார்.

காலத்திலிருந்து வரும் காரணங்கள்தான் மிகுதி. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். அதன் மேல் 2006இல் ஜேக்வெரி வந்தது. 2010இல் ஆங்குலர் ஜேஎஸ், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ வெளியாயின. 2019 தொடக்கத்தில் ரியாக்டில் ஹுக்ஸ் வந்தபின், அதற்கு முன் எழுதிய ரியாக்ட் நிரலே பழைய பாணி ஆகிவிட்டது. 2012இல் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பில்லிங் செயலியைத் திறந்தால் இவற்றில் மூன்று நான்கு பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடும். கல்லூரியிலோ பயிற்சி வகுப்பிலோ கடைசிப் படியை மட்டும் கற்றவர் இந்தக் கலவையைப் பார்த்து, இங்கே யாருக்கும் ஒழுங்கு தெரியவில்லை என்று நினைப்பார், அல்லது தனக்கு எதுவுமே தெரியவில்லை என்று நினைப்பார். இரண்டுமே தவறான முடிவு. ஒவ்வொரு படியும் அந்தந்த ஆண்டில் கிடைத்த கருவிகளுக்குள், அந்தந்த வாடிக்கையாளரின் நெருக்கடிக்குள் எடுத்த முடிவு. ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது, எந்த டிக்கெட்டுக்காக மாற்றினார் என்பதை கிட் வரலாற்றில் பார்க்கலாம். புதியவர் முதல் வாரத்தில் பழக வேண்டிய கருவிகளில் இதையே முதலில் வைப்பேன். காரணம் முழுவதையும் அது தராது. காரணம் யாரிடம் இருக்கிறது என்று காட்டும்.

கே.டி. என்னும் ஏற்பாடு

சென்னையின் ஓஎம்ஆர் சாலையிலும் கோவையிலும் மென்பொருள் சேவை நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) பழகிய சொல். ஒரு திட்டம் வெளிநாட்டு அணியிடமிருந்தோ இன்னொரு நிறுவனத்திடமிருந்தோ கைமாறும்போதும், ஒருவர் விலகி இன்னொருவர் வரும்போதும், பழையவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அமர்வுகள் அவை. சில வாரங்களுக்கு அழைப்புகள் நடக்கும், அவை பதிவு செய்யப்படும், ஆவணங்கள் ஒப்படைக்கப்படும், கடைசியில் எக்செல் பட்டியலில் எல்லாக் கட்டங்களும் பச்சையாகும். அறிவு கைமாறிவிட்டதாகக் கணக்கு முடியும்.

நௌரின் இரண்டாம் குழு இதையேதான் பெற்றது. சொல்பவருக்குத் தன்னிடம் உள்ள காரணங்களில் பாதி தன்னிடம் இருப்பதே தெரியாது. யாராவது அந்த 16ஐ மாற்ற வரும்போதுதான் அது அவர் நினைவுக்கு வரும். கேட்பவருக்கோ இன்னும் வேலையே தொடங்கவில்லை. எதைக் கேட்பது என்று தெரியாது. அமர்வின் முடிவில் சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்கும்போது விழும் அமைதியைப் புரிதலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு அழைப்பை முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் இதே ஏற்பாட்டுக்குள் உண்மையாகவே பயன் தரும் பகுதிகளும் இருக்கின்றன. ‘ரிவர்ஸ் கே.டி.’ என்ற அமர்வில், கேட்டவரே தான் புரிந்துகொண்டதைச் சொன்னவருக்குத் திருப்பி விளக்க வேண்டும். அவர் தவறாகச் சொல்லும் இடத்தில்தான் பழையவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அது அப்படியல்ல என்று இடைமறித்து, இதுவரை சொல்லாத காரணத்தைச் சொல்வார். ‘ஷேடோ’ கட்டத்தில் பழையவர் டிக்கெட்டை முடிப்பதைப் புதியவர் உடனிருந்து பார்க்கிறார். ‘ரிவர்ஸ் ஷேடோ’வில் புதியவர் முடிப்பதைப் பழையவர் பார்க்கிறார். அழைப்புப் பதிவுகளைவிட இவை அதிகம் கற்றுத்தருகின்றன. நெருக்கடி வந்தால் திட்ட அட்டவணையில் முதலில் சுருக்கப்படுபவையும் பெரும்பாலும் இவைதான்.

தையற்காரர்களும் இறைச்சிக் கடைக்காரர்களும்

ஷேடோ ஏன் பலன் தருகிறது என்பதற்கு விளக்கம் மென்பொருளுக்கு வெளியே கிடைக்கிறது. ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970களில் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகுபவர்களை நெருங்கிக் கவனித்தார். எத்தியென் வெங்கருடன் சேர்ந்து அவர் 1991இல் வெளியிட்ட நூல், கற்றலை ஒரு தொழிற்குழுவுக்குள் படிப்படியாக இடம் பெறுவதாகப் பார்க்கிறது.

லைபீரியப் பட்டறையில் ஓர் ஆடை உருவாகும் வரிசை ஒன்று, பழகுபவர் கற்கும் வரிசை அதற்கு நேர் எதிர். ஆடை வெட்டுவதில் தொடங்கி, தைத்து, பொத்தான் கட்டி, விளிம்பு மடித்து முடியும். பழகுபவர் பொத்தானிலும் விளிம்பிலும் தொடங்கி, பிறகு தையலுக்கு வந்து, கடைசியில்தான் துணி வெட்டுகிறார். வெட்டில் பிழை வந்தால் துணி வீண். பொத்தானில் பிழை வந்தால் பிரித்துக் கட்டிவிடலாம். அத்தோடு, முடியும் தறுவாயில் உள்ள ஆடையைக் கையில் வைத்திருப்பவருக்கு அதன் முழு வடிவமும் தெரிகிறது. எந்தத் துண்டு எங்கே சேர்கிறது என்பதைப் பொத்தான் கட்டும்போதே பார்த்துவிடுகிறார். பட்டறையும் திறந்த இடம். மற்றவர்கள் வெட்டுவதும் தைப்பதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் நாள் முழுக்கக் கண்ணெதிரே நடக்கின்றன.

அதே நூலில் எதிர்மாறான ஒரு நேர்வும் வருகிறது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் இறைச்சி வெட்டப் பழக வந்தவர்களைப் பொதி சுற்றும் எந்திரத்தின் அருகே நிறுத்தினார்கள். தேர்ந்தவர்கள் வெட்டும் இடம் அவர்கள் பார்வைக்கு எட்டவில்லை. செய்யும் வேலை சிறியது என்பதில் இவர்களும் தையல் பழகியவர்களும் ஒன்றுதான். பெரிய வேலை இவர்களுக்குத் தெரியாமல் நடந்தது. அதனால் அந்தச் சிறிய வேலையிலிருந்து மேலே ஏறும் வழி அடைந்துபோனது.

ஃபிரண்ட் எண்டுக்கு வந்த புதியவருக்கு முதலில் சின்ன டிக்கெட்டுகள் தருவது ஏறத்தாழ எல்லா அணிகளிலும் உள்ள வழக்கம். ஒரு பொத்தானில் உள்ள வாசகத்தை மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். நிரலைத் தன் கணினிக்கு இறக்கி, சரியான நோட் பதிப்பை நிறுவி, ஓட வைக்க வேண்டும். வாசகம் மொழிபெயர்ப்புக் கோப்பில் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடங்குவது தமிழிலோ ஜெர்மனிலோ பொத்தானை விட்டு வழியலாம். அதைப் பார்க்க வேண்டும். பழைய வாசகத்தைத் தேடும் தானியங்கிச் சோதனை உடையும். அதைத் திருத்த வேண்டும். ரிவ்யூவுக்கு அனுப்பி, கருத்துகளுக்குப் பதில் சொல்லி, சோதனைச் சூழலில் பார்த்து, வெளியீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். லைபீரியப் பொத்தானைப் போலவே இதுவும் முழு ஆடையையும் தொட்டுக் காட்டுகிறது. முதல் வாரத்தில் இப்படியொன்று வெளியீடு வரை போய்விட்டால், புதியவருக்கு அந்த அணியின் வேலைப் பாதை முழுதும் ஒருமுறை நடந்து பார்த்ததாகிவிடும்.

அதே சின்ன டிக்கெட்டே பொதி எந்திரமாகவும் மாறும். ஓரங்களில் இடைவெளி கூட்டுவதும் நிறம் மாற்றுவதுமே ஆறு மாதம் தொடர்கிறது. வடிவமைப்பாளருடன் நடக்கும் விவாதத்துக்கு அழைப்பில்லை. வாடிக்கையாளர் அழைப்பில் இடமில்லை. இரவில் தளம் விழுந்தபோது என்ன நடந்தது என்று மறுநாள் பேசும் கூட்டத்திலும் அவர் இல்லை. அப்படியானால் அவர் வெட்டும் இடத்தைப் பார்க்காமலேயே பொதி சுற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டிலிருந்து வேலை பரவியபின் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பேச்சு தானாகக் காதில் விழும். இணையவழி அணியில் அதை யாராவது வேண்டுமென்றே ஏற்பாடு செய்ய வேண்டும். புதியவரைக் கூட்டங்களில் வாய்திறக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் சேர்த்துக்கொள்வது, பழையவர் பிழை தேடும்போது திரையைப் பகிர்ந்து சத்தமாக யோசிப்பது போன்றவை செலவில்லாத ஏற்பாடுகள்.

கேள்வியின் விலை

ஆண்ட்ரூ பீகலும் பெத் சைமனும் மைக்ரோசாஃப்ட்டில் புதிதாகச் சேர்ந்த எட்டுப் பட்டதாரிகளை வேலை நேரத்தில் உடனிருந்து கவனித்து, 2008இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பட்டதாரிகளின் இடர்களில் பல, கல்லூரிப் பாடம் தொடாதவை. தேவையான தகவல் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது, எவ்வளவு நேரம் தானே முயன்றபின் கேட்பது என்பவற்றில் அவர்கள் தடுமாறினார்கள். திறமையற்றவராகத் தெரிந்துவிடுவோமோ என்ற தயக்கத்தில் கேட்க வேண்டிய நேரத்தைத் தாண்டியும் தனியே உழன்றார்கள்.

இந்தத் தயக்கத்தைக் கூச்ச சுபாவம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல ஒத்துழைப்பு உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அவர் தந்த விளக்கம், அங்கே பிழையைச் சொல்ல யாரும் அஞ்சவில்லை என்பது. பேசுவதால் கெடுதல் வராது என்ற நம்பிக்கை தனி ஆளின் குணம் அல்ல, குழுவின் இயல்பு என்பதை 1999இல் வெளியான அவருடைய அடுத்த ஆய்வு விரித்துக் காட்டியது.

நம்முடைய அலுவலகங்களில் இதற்கு உள்ளூர்க் காரணங்களும் சேர்கின்றன. டிஎல் எனப்படும் அணித்தலைவர் வயதில் மூத்தவர். அவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அவருடைய நிரலில் ஒரு வரி ஏன் இப்படி என்று கேட்பது குறை சொல்வதாகப் படுமோ என்ற அச்சம் போகாது. தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருப்பது இன்னொரு தடை. இவை இரண்டையும் புதியவர் தனியாகத் தாண்ட வேண்டும் என்று விடுவதைவிட, கேள்விக்கு நேரமும் இடமும் மொழியும் ஒதுக்கிவிடுவது எளிது. அரை மணி நேரம் முயன்றும் நகராவிட்டால் கேட்டே ஆக வேண்டும் என்று விதியாகச் சொல்லிவிட்டால், கேட்பது பலவீனத்தைக் காட்டுவதாக இல்லாமல் விதியைப் பின்பற்றுவதாக ஆகிவிடுகிறது. புதியவர் பக்கத்திலும் கைக்கொள்ள ஒரு முறை உண்டு. என்ன செய்ய முயன்றேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்று நான்கு வரியில் எழுதிக் கேட்டால், பதில் சொல்பவருக்கு வேலை குறையும். எழுதும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடுவதும் உண்டு.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நிர்வாகத்தின் எதிர்க்கேள்வி. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் அந்தக் கணக்கை 1975இலேயே போட்டுவிட்டார். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்றார். சொல்லிக்கொடுக்கப் பழையவர்களின் நேரம் போகும். ஆளுக்கு ஆள் பேச வேண்டிய வழிகளும் பெருகும். ஐந்து பேர் உள்ள அணியில் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. ஆறாமவர் வந்தால் 15. இந்தச் செலவிலிருந்து தப்ப வழியில்லை. முன்கூட்டியே ஒதுக்கினால் நேரமாகப் போகும், ஒதுக்காவிட்டால் பின்னால் பிழைகளாக வந்து சேரும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால்

இன்றைய புதியவருக்குக் கேட்க இன்னொரு இடமும் இருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்யாமல், யாரும் பார்க்காமல், நள்ளிரவிலும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்கலாம். இந்த நிரல் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொல்கிறது. சஃபாரியின் 16 பிக்சல் போன்று உலகறிந்த வினோதங்களையும் அது சொல்லிவிடும். ஆனால் இந்த வாடிக்கையாளருக்கு மட்டும் இந்தத் திரையில் தேதி ஏன் வேறு வரிசையில் இருக்கிறது என்பது பயிற்சித் தரவில் இருக்க வாய்ப்பில்லை. அதற்கும் ஒரு காரணத்தைக் கருவி நம்பும்படி ஊகித்துச் சொல்லக்கூடும் என்பதுதான் ஆபத்து.

மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமிக்க 16 திறமூல நிரலாளர்களை, அவர்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களில் 246 பணிகளைச் செய்யவைத்து ஆராய்ந்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த அனுமதித்த பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் விரைவாக முடித்ததாக மதிப்பிட்டார்கள். பழகியவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதைப் புதியவர்கள் மேல் அப்படியே ஏற்ற முடியாது. தன் வேகத்தைப் பற்றித் தானே ஏமாறுவது தேர்ந்தவர்களுக்கே நேர்கிறது என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். கருவியிடம் கேட்டுக் கிடைத்த விளக்கத்தை அணியில் ஒருவரிடம் ரிவர்ஸ் கே.டி. போலச் சொல்லிச் சரிபார்த்தால் அது உதவியாகும். அதோடு நிறுத்திக்கொண்டால், புதியவருக்கு என்ன தெரியவில்லை என்பது அணிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எதை அளப்பது

முதல் நிரல் மாற்றம் எத்தனை நாளில் வெளியானது, மாதத்துக்கு எத்தனை டிக்கெட் முடிந்தது என்று நிறுவனங்கள் புதியவரை அளக்கின்றன. எளிதில் எண்ணக்கூடியவை என்பதே இவற்றின் தகுதி. 16ஐ 14 ஆக்கியவரும் இந்தக் கணக்கில் ஒரு டிக்கெட்டை முடித்தவர்தான்.

நௌர் தன் கட்டுரையில் தந்த மூன்று அடையாளங்கள் இதைவிட நல்ல அளவுகோல். நிரலின் கோட்பாடு கைவந்தவரால், அது உலகின் எந்தக் காரியத்தை எப்படிக் கையாள்கிறது என்று விளக்க முடியும். ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று காரணம் சொல்ல முடியும். புதிய தேவை ஒன்று வரும்போது, இருக்கும் அமைப்பில் அது எங்கே பொருந்தும் என்று காட்ட முடியும். மூன்றையும் ஒரு மணி நேரப் பேச்சில் சோதித்துவிடலாம். மூன்று மாதம் ஆனவரை ஒரு திரையைத் திறந்து விளக்கச் சொல்லிக் கேட்டாலே போதும். அவர் தடுமாறும் இடங்கள் அவருடைய குறையை மட்டும் காட்டுவதில்லை. அணியில் யாரும் யாருக்கும் சொல்லாமல் விட்டிருக்கும் காரணங்களின் பட்டியலும் அதுவே. அந்தக் காரணங்களைக் கேட்டறிந்து, புதியவரே அந்தந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கக் குறிப்பாக நிரலில் எழுதிவைக்கலாம். அடுத்து வருபவருக்கு அந்த 16ஐப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. கால் ஊன்றிவிட்டார் என்று ஒருவரைச் சொல்ல, முடித்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைவிட இது உறுதியான சான்று.